சார் வரும் வரைக்கும்

1

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். புதிதாகப் பொறுப்புக்கு வரும் இளையவர்களுக்கான சின்னக் கூட்டம் அது. ஒருவர் நீண்ட விடுப்பில் போகும்போது அவருடைய நாற்காலியில் சில மாதம் உட்கார்ந்து குழுவை நடத்துவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. போன வருடம் நான் திருப்பூரில் அப்படி உட்கார்ந்துவிட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும்.

பேசினேன். வந்ததும் எதையும் மாற்றாதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள், எது உங்கள் முடிவு, எது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். எல்லாம் உண்மைதான். கை தட்டினார்கள். வீட்டுக்கு சைக்கிளில் திரும்பும்போது நல்ல எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்க ஒரே நினைப்பு. ஜெயந்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிட்டேனே.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்காவது அந்த ஊரும் அந்த வேலையும் தெரிந்திருக்கும்.

2

நான் வெள்ளகோவில்காரி. படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் செந்திலின் வேலை எங்களை டென்மார்க்கில் கடலோரமாக இருக்கும் ஒரு சிற்றூருக்குக் கொண்டுவந்தது. வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. குழந்தைகள் உடை விற்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அந்த உடைகளில் பெரும்பகுதி திருப்பூர்ப் பக்கத்தில்தான் தைக்கப்படுகிறது.

அங்கே எங்கள் கம்பெனிக்கு ஒரு சின்ன அலுவலகம் உண்டு. எட்டுப் பேர். தைக்கும் ஃபேக்டரிகளுக்கு நேரில் போய், துணி சரியாக இருக்கிறதா, வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, சரக்கை அனுப்பலாம் என்று ஒப்புதல் தருவது அவர்கள் வேலை. ஆரம்பித்த நாளிலிருந்து அதை நடத்தி வந்தவர் செல்வராஜ் சார். பல்லடம் ரோட்டில் பைக்கில் போனவரை லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். நாலு மாதம் நடக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

"உனக்குத்தான் அந்த பாஷை தெரியுமே, சுமதி. அவர் திரும்பி வரும் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றார் என் மேலாளர் ஹென்ரிக்.

பாஷை தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டில் சொன்னபோது மகள் நிலா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. "அப்போ நீ விகாரா?" என்றாள். ஆசிரியர் வராத நாளில் வகுப்புக்கு வருகிற மாற்று ஆசிரியரை இங்கே விகார் என்பார்கள். எந்த வேலையிலும் ஒருவருக்குப் பதிலாகச் சில நாள் வருகிறவருக்கு அதுதான் பெயர். "விகார் சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க அம்மா" என்றாள். 'அம்மா' மட்டும் தமிழ், மீதியெல்லாம் டேனிஷ்.

3

முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, "இங்க என்னென்ன மாத்தலாம்னு நீங்க நினைக்கறீங்க?" என்று கேட்டேன். டென்மார்க்கில் அப்படித்தான் ஆரம்பிப்போம். மேலாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். அவர் சொன்னது தப்பென்றால் நேரே சொல்லிவிடுவோம். அவரே எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றுவார். திருப்பூரில் அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மூத்தவரான தங்கமணி தொண்டையைச் செருமினார்.

"நீங்களே சொல்லிருங்க மேடம். செஞ்சர்றோம்."

அவர் குண்டடம் பக்கம். ஐம்பதைத் தாண்டியவர். செல்வராஜ் சாருக்கு அடுத்த இடத்தில் பல வருடமாக இருப்பவர். சார் படுத்ததும் அந்த நாற்காலி தனக்கு வரும் என்று அவர் நினைத்திருந்தார். அவர் வீட்டிலும் நினைத்திருந்தார்கள், ஃபேக்டரிக்காரர்களும் நினைத்திருந்தார்கள். என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. என் அறைக்கு வரும்போதெல்லாம் அவர் உட்காராமலே பேசியதில் தெரிந்துகொண்டேன்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். புது ஃபேக்டரி ஒன்றைப் பார்த்து வரலாமா என்றால், "சார் வந்துரட்டுங்க." இன்ஸ்பெக்ஷனுக்கு யார் எங்கே போவது என்பதை மாற்றலாமா என்றால், "சார் வந்துரட்டுங்களே." மறுப்பு என்று ஒன்றும் இல்லை. அத்தனையும் மரியாதை. மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது?

பேங்க்கும் அதையே சொன்னது. அலுவலகச் செலவுக்குக் கையெழுத்துப் போட என் பெயரைச் சேர்க்கப் போனோம். ஆதார் கேட்டார்கள். நான் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து வெகு நாளாகிறது, ஆதார் எடுத்ததே இல்லை. வெளிநாட்டு இந்தியருக்கான அட்டையைக் காட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேடம், நீங்க இந்த ஊருங்களா, வெளியூருங்களா?" என்றாள். வெள்ளகோவில் என்றேன். "அப்பறம் ஏனுங்க ஆதார் இல்ல?" என்றாள், நிஜமான குழப்பத்தோடு. கடைசி வரைக்கும் கையெழுத்துச் செல்வராஜ் சாருடையதாகவே இருந்தது. டிரைவர் பெட்ரோலுக்குக்கூட அவருடைய கட்டிலுக்குத்தான் போய் வந்தார்.

4

என் பேச்சிலும் ஒரு கோளாறு இருந்தது. அதை எனக்குச் சொன்னவள் ஜெயந்தி.

ஜெயந்தி எங்கள் இன்ஸ்பெக்டர்களில் இளையவள். அவளும் வெள்ளகோவில்தான். அப்பா விசைத்தறி வைத்திருந்தார். கணவர் நிட்டிங் மெக்கானிக், மூன்று வயதில் ஒரு பையன். ஃபேக்டரிகளில் தைக்க வந்திருக்கும் ஒரிசாப் பெண்களோடு பழகிப் பழகி ஹிந்தி நன்றாகப் பேசுவாள். ஒரு நாள் டீ குடிக்கும்போது, தயங்கித் தயங்கி, "மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு கண்ணு."

"நீங்க பேசறது சண்டை போடற மாதிரி இருக்குதுங்க."

தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால் சரிதான். டேனிஷில் எல்லோருக்கும் ஒரே 'நீ'. வாக்கியம் குட்டையாக இருக்கும், நேராக இருக்கும். பதினெட்டு வருடத்தில் என் தமிழும் அப்படி ஆகிவிட்டிருந்தது. "இது இன்னைக்கு முடியணும்" என்பேன். "முடிச்சர்லாமுங்களா" என்று எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதை. என்னைவிட மூத்தவரைத் "தங்கமணி" என்று மொட்டையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் "சொல்லுங்க மேடம்" என்று வந்து நின்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே "தங்கமணிண்ணா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து ஒரு நொடி பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

அதன் பிறகு கூட்டத்தில் யாரிடமும் கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டேன். காரில் போகும்போதும் பேக்கரியில் நிற்கும்போதும் ஒவ்வொருவராகக் கேட்டேன். தனியாகக் கேட்டால் எல்லோரிடமும் சொல்வதற்கு நிறைய இருந்தது.

5

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரி. எங்களுக்குப் பல வருடமாகத் தைத்துக் கொடுக்கிறவர்கள். சரக்கெல்லாம் பெட்டியில் அடைத்துத் தயாராக இருந்தது. ஜெயந்தி கடைசி இன்ஸ்பெக்ஷனுக்குப் போயிருந்தாள். துணியில் குறை இல்லை. மூன்றாம் மாடியில் முந்நூறு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்குவதற்கு இரண்டு படிக்கட்டு. அதில் ஒன்றின் இரும்புக் கதவு, பட்டப்பகலில், பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டாள். சூப்பர்வைசர் வாட்ச்மேனைக் கேட்டார், வாட்ச்மேன் ஆபீஸில் இருக்கும் என்றார், ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. ஜெயந்தி காத்திருந்து பார்த்துவிட்டு, சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் அலுவலகம் வந்து சேர்வதற்குள் சரக்குக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் தங்கமணி.

ஜெயந்தி நேராக என் அறைக்கு வந்து, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நான் வேண்டாம்னது இங்க வந்து சேர்றதுக்குள்ள வேணும்னு ஆயிருச்சுங்க. அப்பறம் நான் எதுக்குங்க மேடம்?" என்றாள்.

தங்கமணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார் சொன்னாருங்க."

"எந்த சார்?"

"நம்ம சாருங்க."

ஃபேக்டரி முதலாளி செல்வராஜ் சாருக்கு ஃபோன் செய்திருக்கிறார். சார் கட்டிலிலிருந்து தங்கமணிக்கு ஃபோன் செய்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது. இத்தனை நாளும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

"அண்ணா, நீங்க அந்தக் கதவைப் பாத்தீங்களா?" என்றேன்.

"இல்லீங்க." தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "முன்னாடி பாத்திருக்கறனுங்க" என்றார்.

டென்மார்க்குக்கு உடனே தெரிவிக்க வேண்டியதுதான் என் கடமை. தெரிவித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஃபேக்டரியின் பெயரை அடித்துவிட்டு வேறொன்றுக்கு ஆர்டரைக் கொடுத்துவிடுவார்கள். அந்த முந்நூறு பேரும் வேலையில்லாமல் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். கதவு பூட்டியபடியே இருக்கும். முதலில் கதவு திறக்கட்டும், பிறகு தெரிவிக்கிறேன் என்று முடிவு செய்தேன். சரக்கு இன்னும் லாரியில் ஏறவில்லை. தங்கமணி கொடுத்த ஒப்புதலை என் பேரில் ரத்து செய்தேன். அதற்கு மட்டும் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

6

அன்று சாயங்காலம் மங்கலம் ரோட்டில் இருக்கும் செல்வராஜ் சார் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். ஒற்றை அறையில் தொடங்கி அந்த அலுவலகத்தை வளர்த்தவர். தங்கமணியின் மகன் படிப்புக்குக் கல்லூரி கல்லூரியாக அலைந்தவர். ஜெயந்திக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஃபோன்.

"வாங்க மேடம். எதுக்குங்க இத்தன தூரம்? ஒரு ஃபோன் பண்ணுனாப் போதுமே."

"ஃபோன்ல பேசறதப் பத்தித்தான் பேச வந்தேனுங்க சார்."

அவர் மனைவி காபி வைத்துவிட்டுப் போகும் வரைக்கும் காத்திருந்தார். "அந்தக் கதவப் பத்திங்களா? தெச்ச பீஸ் திருட்டுப் போகுதுன்னு பூட்டறாங்க. நான் போறப்பெல்லாம் சொல்லித்தான் இருக்கறேன். மெதுவா சரி பண்ணிக்கலாமுங்க. நீங்க சங்கடப்படாம அப்படியே ஓட்டிட்டு இருங்க, நான் வந்தர்றேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அங்க ஒரு ஒயர் பத்திக்கிச்சுன்னா?"

ஃபோன் இரண்டையும் தலைமாட்டுப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சார், நீங்க எங்கிட்டச் சொல்லுங்க. திட்டக்கூடத் திட்டுங்க. நேரா தங்கமணிண்ணாகிட்டச் சொன்னா, அவரு உங்களையும் தட்ட முடியாம என்னையும் பாக்க முடியாம நிக்கறாருங்க. அந்தப் புள்ள அட்டையக் கழட்டி வெச்சுட்டு நிக்குது."

"நாலு மாசங்க மேடம்" என்றார். கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்க போயிருவீங்க. அந்த மொதலாளி மூஞ்சில நான்தானுங்க முழிக்கணும்."

"போற வரைக்கும் நான்தானுங்க சார் பொறுப்பு."

காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, பண்ணுங்க. நான் தலையிடல" என்றார். வாசல் வரைக்கும் வந்த அவர் மனைவி, "அவருக்கு அந்த ஃபோன் அடிக்கலீன்னா சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றார்.

7

மறுநாள் காலை நான், தங்கமணி, ஜெயந்தி மூவரும் ஃபேக்டரிக்குப் போனோம். முதலாளி ஈஸ்வரமூர்த்தி வாசலுக்கே வந்து வரவேற்றார். நான் கேட்டதற்கெல்லாம் தங்கமணியைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஏனுங்க தங்கமணி, சார்கிட்டப் பேசியாச்சே?"

தங்கமணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் நான் பேசியிருந்தால் காரியம் நடந்திருக்கும், ஆனால் அது என் காரியமாகவே நின்றிருக்கும். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஸ்பெக்ஷன் பண்ணுனது ஜெயந்திங்க" என்றார் கடைசியில். "அது சொன்னாத்தானுங்க லாரி போகும்."

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வயதுப் பெண் முன்னால் போக, அவர் பின்னால் மாடி ஏறினார். சாவி அன்றைக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் மெயின்டெனன்ஸ் ஆள் ஒருவர் இரும்பு வெட்டும் மெஷின் கொண்டுவந்து பூட்டை அறுத்தார். தீப்பொறி பறந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோரையும் இரண்டு வழியாகவும் இறங்கச் சொன்னாள் ஜெயந்தி, ஹிந்தியில். தயங்கித் தயங்கி இறங்கினார்கள். படியெல்லாம் தூசி, உடைந்த பிளாஸ்டிக் டப்பா, செத்த பல்லி. கீழே வந்து நின்ற ஒரு ஒரிசாப் பெண் அண்ணாந்து பார்த்து என்னவோ சொன்னாள். ஜெயந்தி மொழிபெயர்க்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னாள்: "இங்க வந்து ரெண்டு வருஷமாச்சாமுங்க மேடம். அந்தக் கதவுக்குப் பின்னால ஸ்டோர் ரூம்னு நெனச்சுட்டு இருந்துச்சாம். படி இருக்கறதே தெரியாதாம்."

மதியத்துக்கு மேல் படிக்கட்டைக் கழுவி, கதவையே கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தார்கள். பிறகுதான் ஜெயந்தி சரக்கை விட்டாள். முதலாளி எங்களுக்கு டீ சொல்லவில்லை. அந்த ஊரில் அது முகத்தில் அடித்த மாதிரி என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றே டென்மார்க்குக்கு எழுதினேன், பூட்டையும் சேர்த்து, அறுத்ததையும் சேர்த்து. ஃபேக்டரியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வைத்துக்கொண்டார்கள்.

8

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நன்றாக இருந்தன. காலைக் கூட்டத்தைத் தங்கமணியிடம் கொடுத்தேன். நான் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஃபேக்டரிக்குத் தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போகலாம் என்றார் அவர். தனியாகப் போகிறவரை மடக்குவது சுலபம் என்று அவருக்குத்தான் தெரியும். ஆள் சேர்ப்பது, சம்பளம், ஃபேக்டரியைச் சேர்ப்பது நீக்குவது எல்லாம் செல்வராஜ் சாருக்கு; அன்றாடம் சரக்கை விடுவதும் நிறுத்துவதும் நேரில் பார்த்தவருக்கு என்று பிரித்துச் சொன்னேன். வாரம் ஒரு தடவை சாரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். ஃபோன்கள் குறைந்தன. "சார் வந்துரட்டுங்க" என்று சொல்வதும் குறைந்தது.

அலுவலகக் கூட்டத்தில் நான் பேசியதெல்லாம் இந்த வாரங்களைப் பற்றித்தான். கதையை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

9

செல்வராஜ் சார் கைத்தடியோடு திரும்பி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். எனக்குப் பட்டுப் புடவை ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரைக்கும் ஜெயந்தி வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டென்மார்க்கில் வீட்டுக்குள் நுழைந்தபோது நிலா என்னைக் கட்டிப் பிடித்தாள். பிறகு செந்திலும் அவளும் வேகமாக டேனிஷில் எதையோ பேசிச் சிரித்தார்கள். நான் இல்லாத மாதங்களில் அவர்களுக்குள் உண்டான ஏதோ ஒரு வேடிக்கை. விளக்கிச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போவதற்கு முன் நிலாவிடம் ஏதாவது கேட்டால் பதிலில் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தையாவது வரும். இப்போது அதுவும் வரவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பது பற்றி ஒரு நாள் வாக்குவாதம். "அப்பாதான் இதெல்லாம் முடிவு பண்ணுவார். நீ இங்கயும் விகார்தான்" என்றாள்.

சொன்னதும் அவளுக்கே முகம் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே தோசைக் கல்லைத் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

10

சில மாதம் கழித்து ஒரு காலையில் ஜெயந்தியிடமிருந்து செய்தி வந்தது. "மேடம், நான் வேலைய விட்டுட்டேனுங்க."

உடனே ஃபோன் செய்தேன். நான் கிளம்பிய இரண்டாவது வாரமே அவளை இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து சாம்பிள் அறையில் போட்டிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை. "சின்னப் பையன வெச்சிருக்கற புள்ள, அலைய வேண்டாம்" என்று அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஃபேக்டரிகளில் அவள் பெயரைக் கேட்டாலே, "பூட்ட அறுத்த புள்ளைங்களா? வேற ஆளு அனுப்புங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் குட்டிச் சட்டைகளுக்கு டேக் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது தாராபுரம் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில், குறைந்த சம்பளத்துக்கு.

"எங்கிட்ட ஏன் சொல்லல கண்ணு?"

"சொல்லி என்னங்க மேடம்? நீங்க அங்க இருக்கறீங்க."

தங்கமணியைக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம். "நீங்க பேசியிருக்கலாமேண்ணா. அன்னைக்கு மொதலாளி முன்னால பேசுனீங்களே."

"அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க மேடம்" என்றார். அப்புறம், "நீங்க போயிட்டீங்க. நான் இங்கயே இருக்கணுமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தற்காலிகமாக வருகிறவரின் தைரியத்துக்குப் பின்னால் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. என்னிடம் இருந்தது. ஜெயந்தியிடம் வெள்ளகோவில் பஸ் பாஸ்தான் இருந்தது.

ஹென்ரிக்கிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வருத்தம்தான். ஆனால் அது இப்போது உன் குழு இல்லையே, சுமதி" என்றார். அன்று முதல் தடவையாக அந்த அலுவலகத்தில் குரலை உயர்த்தினேன். பலன் ஒன்றே ஒன்று. நேரில் பார்த்தவர் நிறுத்திய சரக்கை, நேரில் பார்க்காத யாரும் விடக் கூடாது என்று கம்பெனி விதி ஒன்றைச் சேர்த்தார்கள். எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும். ஜெயந்தி அதற்குள் போய்விட்டிருந்தாள்.

11

இந்த வருடத் தொடக்கத்தில் செல்வராஜ் சார் வேலையை விட்டார். கால் முழுதாகச் சரியாகவில்லை. வீட்டிலிருந்தே ஏஜென்சி நடத்தப்போவதாகச் சொன்னார். ஹென்ரிக் என்னைக் கூப்பிட்டார். "போன தடவை நன்றாகச் செய்தாய். ஆள் கிடைக்கும் வரைக்கும் இன்னொரு தடவை போய் வருகிறாயா?"

"தற்காலிகமாக இனி யாரையும் அனுப்பாதீர்கள். அங்கேயே ஒருவரைத் தலைவராகப் போடுங்கள்" என்றேன்.

"தங்கமணியா?"

பதில் சொல்ல ஒரு நாள் கேட்டேன். வயதும் அனுபவமும் அவருக்குத்தான் இருந்தன. ஒரு தடவை அந்த நாற்காலி அவரைத் தாண்டிப் போனதற்கு நானும் ஒரு காரணம். ஆனால் பக்கத்தில் யாராவது நின்றால்தான் அவரால் நிற்க முடியும் என்பதையும் பார்த்திருந்தேன். ஜெயந்தியைக் கூப்பிட்டு, தங்கமணி தலைவரானால் அவர் கீழே திரும்பி வருவாயா என்று கேட்டேன்.

"அவருக்குக் கீழயுங்களா?" என்றாள். "அவரு வேணா எனக்குக் கீழ வரட்டுங்க மேடம்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் சொல்றயா கண்ணு?"

"நெஜமாத்தானுங்க. ஆனா தற்காலிகம்னா வேண்டாமுங்க. அது என்னன்னு நாம ரெண்டு பேரும் பாத்தாச்சு."

ஜெயந்தியின் பெயரைத்தான் ஹென்ரிக்கிடம் சொன்னேன். வயது கேட்டார், அனுபவம் கேட்டார். வேலையை விட்டுப் போனவளையா என்றார். ஆறு மாதம் பார்க்கலாம், சரியாக வந்தால் நிரந்தரமாக்கலாம் என்றார். அப்படியென்றால் அவள் வர மாட்டாள் என்றேன். பல வாரம் இழுத்தது. அவளோடு அவர்களே மூன்று தடவை வீடியோவில் பேசினார்கள். நான் அந்த அறையில் இல்லை. கடைசியில் நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பொறுப்பேற்ற மறுநாள் எனக்கு ஃபோன் வந்தது. இங்கே காலை. சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"மேடம், தங்கமணிண்ணன் ரெண்டு நாளா வேலைக்கு வர்லீங்க. ஃபோனும் எடுக்கல. மத்தவங்களும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறாங்க."

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு உடனே தோன்றியது. வரிசையாக மூன்று யோசனை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "கண்ணு, நீ மொதல்ல—" என்று ஆரம்பித்தேன்.

"கேக்கறதுக்குக் கூப்பிடலீங்க மேடம். தகவலுக்குத்தான் சொல்றேன். நான் குண்டடம் பஸ்ல இருக்கறனுங்க, அவரு ஊட்டுக்குத்தான் போறேன். ஸ்டாப் வந்துருச்சு, வெக்கட்டுங்களா?"

வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் தங்கமணி வேலைக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாராம், ஆனால் வந்துவிட்டார். அந்த வீட்டில் அவள் என்ன பேசினாள், அவர் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.